கழுத்துக்கு மேலே எடுத்த படங்கள்

தம்பி, நீ கேட்ட படம் என்னிடம் இல்லை.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வரும்போது ஹோலில் மாட்டுவதற்கு ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வரப்போவதாகப் போன கிழமை எழுதியிருந்தாய். அவருடைய கடைசி நாட்களில் எடுத்தது ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னாய். "வடிவான படம் வேண்டாம் அம்மா. உண்மையான படம் ஒண்டு இருந்தால் அனுப்புங்கோ" என்று முடித்திருந்தாய். அதை வாசித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய், கழுவின பானையையே திரும்பவும் கழுவினேன். இன்றுவரை உனக்குப் பதில் போடவில்லை. நீயும் இன்னொரு தரம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நீ என்னிடம் எதையும் இன்னொரு தரம் கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பாய், நான் ஓம் என்பேன், சரி என்று வைத்துவிடுவாய். நோர்வேயிலிருந்து மானிப்பாய்க்கு வருகிற அழைப்பில் அவ்வளவுதான் பேச்சு. அதற்கும் மேலே கேட்க எனக்கு முகம் இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். தாயும் மகனும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை இவள் ஊரறியப் போடுகிறாளே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நான் எடுத்த பொய்ப் படங்களை எங்கள் சொந்தம் முழுவதும் போனில் பார்த்து இதயம் இதயமாகப் போட்டது. உண்மையையும் அவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே உன்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. உன் காதுக்கு வந்திருக்காது. போன மாதம் சங்கக்கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள்: "தேப்பன் நோயிலை கிடக்கேக்கை எட்டிப் பாக்கேல்லை. செத்தாப்பிறகு பிளேன் பிடிச்சு வந்து கொள்ளி வைச்சவர்." நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். நான் சீனியை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெற்ற பிள்ளையை ஒருத்தி நடுக்கடையில் வைத்துத் தூற்ற, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதை என்னால் வந்தது. அதை நிறுத்த வேண்டியவளும் நான்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன். இந்தப் படம் எடுக்கும் விளையாட்டு உன்னால்தான் தொடங்கியது. நீ அனுப்பிய புதுப் போனில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கடை படங்களிலை அப்பாவுக்குத் தலையே இல்லை. ஒண்டிலை உங்கடை பெருவிரல்தான் கதாநாயகன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்பாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க மற்றவர்களின் பிழையைப் பிடிப்பதே எனக்கு வேலை. என் பிழையை ஒருவர் பிடித்தால் எப்படி இருக்கும்? வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் படம் எடுக்கப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்ததெல்லாம் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று வந்த பெடியள். பழக்குகிறவள் ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை, உன்னைவிட இளையவள். வாசலில் என்னைக் கண்டதும் ஆரோ ஒரு மாணவனின் அம்மா, பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன்.

முதல் நாள் எங்களில் ஒருவரையும் அவள் படம் எடுக்க விடவில்லை. யன்னலோரம் ஒரு முட்டையை வைத்துவிட்டு, சுற்றிச் சுற்றி நடந்து பார்க்கச் சொன்னாள். வெளிச்சம் நேரே முன்னால் விழும் இடத்திலிருந்து பார்த்தால் முட்டை வெட்டி ஒட்டிய கடதாசி மாதிரித் தட்டையாக இருந்தது. பக்கத்தால் விழும்போது பார்த்தால் அதன் உருண்டை தெரிந்தது, ஓட்டிலிருந்த சொரசொரப்புக்கூடத் தெரிந்தது. "ஒரு பொருளின்ரை மேடு பள்ளத்தைக் காட்டிறது நிழல்தான் அன்ரி. நிழலைக் குறைச்சால் பள்ளம் தெரியாது" என்றாள். பிறகு முட்டைக்கு மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தாள். அதில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய் இருட்டுப் பக்கத்தில் விழ, நிழல் கரைந்துபோனது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அடுத்த கிழமை நடுவில் துவாரம் வெட்டிய ஒரு மட்டையைத் தந்து, அதனூடாக மண்டபத்தைப் பார்க்கச் சொன்னாள். "உள்ளுக்கை என்னத்தை வைக்கப்போறம் எண்டு எல்லாரும் யோசிப்பினம். என்னத்தை வெளியிலை விடப்போறம் எண்டதுதான் முதல் கேள்வி" என்றாள். போனின் திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் வரப்பண்ணி, முகத்தை நட்டநடுவில் வைக்காமல் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைத்தால் படம் மூச்சு விடும் என்று காட்டினாள். நான் எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாகப் பழகியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுப் பாடத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆள் உன் அப்பா. விறாந்தையில் இருத்துவேன், யன்னலடியில் நிறுத்துவேன், முகத்தை இங்காலே அங்காலே திருப்பச் சொல்வேன். அந்த உடம்பையும் வண்டி வயிற்றையும் எந்தப் பிரேமுக்குள் அடக்குவது என்பதே எனக்கு அப்போது பெரிய பிரச்சினை. "நான் பஸ் ஓட்டிற லைசென்சுக்குக்கூட இவ்வளவு படம் எடுக்கேல்லை" என்று கத்திக்கொண்டே நான் சொன்ன மாதிரி இருப்பார். அந்த மாதங்களில் அனுப்பிய படங்கள் எல்லாம் உண்மையானவை, தம்பி. சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற படம், முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு எடுத்த படம். அவற்றை நீ அழிக்கத் தேவையில்லை.

பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. டொக்டரிடம் காட்டினோம். வயிற்றில் புற்று என்றார்கள், கன தூரம் போய்விட்டது என்றார்கள். அந்த நேரம் மருமகள் பிள்ளைத்தாச்சி, அவளுக்கும் சுகமில்லாமல் நீ ஆசுப்பத்திரிக்கும் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாய். ஆசுப்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவே சொன்னார்: "இப்ப பெடியனுக்குச் சொல்லாதையும். குழந்தை பிறக்கட்டும். பேந்து சொல்லுவம்." அதுவரைக்கும் மறைத்ததில் எனக்கு வெட்கம் இல்லை. அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு.

ஊரும் எங்களுக்குத் துணை நின்றது. எல்லைவேலிக்குச் சண்டை பிடிப்போம், கோயில் திருவிழாவுக்கு இரண்டாகப் பிரிந்து நிற்போம், ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நோயை மறைப்பதென்றால் இந்த ஊரில் எல்லோரும் ஒரே கட்சி. பக்கத்து வீட்டு ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதேங்கோ அக்கா. அதுகள் அங்கை கிடந்து துடிக்குங்கள். என்ரை மனுசன்ரை ஒப்பரேசனையும் நான் எல்லாம் முடிஞ்சாப்பிறகுதானே சொன்னனான்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் திடீரென்று வந்து இறங்கினால் நோயாளிக்கு விளங்கிவிடுமாம், மனம் விட்டுவிடுமாம். அந்தச் சொல் என் நெஞ்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. உன்னைக் கூப்பிட்டால் அவர் சாகப்போகிறார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். கூப்பிடாமல் இருக்கும்வரை அது நடக்காது என்று ஒரு விசர் நம்பிக்கை. உன் நன்மைக்காக மறைத்தேன் என்று செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். பாதிக்கு மேல் என் பயத்துக்காகத்தான் மறைத்தேன்.

நீயோ கிழமைக்கு ஒரு படமாவது கேட்பாய். வீடியோவில் காட்டச் சொன்னால் கவரேஜ் இல்லை, அப்பா நித்திரை, அப்பா குளிக்கிறார் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். படத்துக்கு அப்படிச் சாட்டுச் சொல்ல முடியாதே. அப்போதுதான் ஜெனிற்றா பழக்கியது எனக்கு உதவிக்கு வந்தது. காலையில் கிழக்கு யன்னலுக்கு நேரே கதிரையைப் போட்டு, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி அவரை இருத்துவேன். அவருடைய வெள்ளை வேட்டியை மடியில் விரித்துவிடுவேன், அதில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பி நாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பையும் அழித்துவிடும். பழைய சேட்டுத் தொளதொள என்று தொங்கியதால் முதுகுப் பக்கம் இழுத்து உடுப்புக் கிளிப் போட்டேன். கழுத்துப் பொத்தானைப் பூட்டி, கொலருக்கு மேலேதான் எடுப்பேன். முழு ஆளும் தெரிய வேண்டும் என்று நீ கேட்டபோது வேப்பமரத்தடியில் இருத்தி, தூர நின்று, அவர் ஒரு மூலையில் சின்னதாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். "அம்மா, கொம்பசிஷன் எண்டால் இதுதான்!" என்று எழுதியிருந்தாய். கனடாவிலிருந்து உன் சித்தி, அத்தானைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது, வயதே போகவில்லை என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. அவர் உள்ளே வாளிக்குள் சத்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் விறாந்தையில் நின்று எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த நாளும் உண்டு.

ஜெனிற்றாவுக்கு மட்டும் என் படங்களில் ஏதோ பிடிபட்டது. ஒருநாள் வகுப்பு முடிந்து பெடியள் போன பிறகு என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஏன் கொஞ்ச நாளா எல்லாப் படமும் கழுத்துக்கு மேலையே நிக்குது?" என்று கேட்டாள். "அவருக்கு வண்டி வயிறு வைச்சிட்டுது பிள்ளை. காட்ட வெக்கப்படுறார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அடுத்த முறை பக்க வெளிச்சத்திலை ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று போனைத் திருப்பித் தந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வகுப்புப் பக்கம் போகவில்லை. சமைக்க வேண்டும், ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இருக்கப் பயந்துதான் போகவில்லை.

ஐப்பசியில் உன் மகள் பிறந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு அப்பா நெடுநேரம் போனைக் கையில் இருந்து விடவில்லை. "இனிச் சொல்லலாம்தானே?" என்றார். "பாப்பம்" என்றேன். அடுத்த நாளும் கேட்டார். "பச்சைப் பிள்ளை, அவன் எப்பிடி விட்டிட்டு வாறது?" என்றேன். கார்த்திகை தொடக்கத்தில் நீயாகவே கேட்டாய், நினைவிருக்கும். "மார்கழியிலை நான் மட்டும் ஒருக்கா வந்திட்டுப் போகட்டோ அம்மா? அப்பாவைப் பாக்க வேணும் போல கிடக்கு." எனக்கு வாய்த்த கடைசிச் சந்தர்ப்பம் அது. நீ கேட்ட கேள்விக்கு ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "என்னத்துக்கு இப்ப அந்தரப்படுறாய்? சித்திரையிலை பிள்ளையையும் கொண்டு ஆறுதலா வாங்கோ" என்றேன். "ஓம், படத்திலையும் அப்பா நல்லாத்தான் இருக்கிறார்" என்று நீ சமாதானமாகிவிட்டாய்.

அவர் மார்கழி முடியும் முன்னே போய்விட்டார். நீ வந்து சேரும்வரை பெட்டியை வைத்திருந்தோம். நீ வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலைமாட்டில் நின்று பார்த்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மிக மெல்லமாக, "இது ஆர்?" என்று கேட்டாய். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டு இன்னும் பெரிதாக அழுதார்கள். பிள்ளைக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், நீ உண்மையாகவேதான் கேட்டாய். என் படங்களில் இருந்த மனிதனைத் தேடி வந்த உனக்குப் பெட்டிக்குள் வேறொரு ஆள் கிடந்தார். அந்தியேட்டிக் கிரியை முடிந்து நீ புறப்பட்ட அன்று, பயணப் பையை வாகனத்தில் ஏற்றிவிட்டு வந்து சொன்னாய்: "நல்லாப் படம் எடுக்கப் பழகியிருக்கிறியள் அம்மா." நீ கத்தியிருக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். ஏசுவதற்குக்கூட உனக்கு மனம் வரவில்லை.

இவற்றில் பெரும்பாலானவை உனக்கு ஏற்கனவே தெரிந்தவை. நீ இங்கே நின்ற அந்த நாட்களில் இதற்காக நான் உன்னிடம் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். ஒவ்வொரு முறை அழும்போதும் இன்னொன்றை விழுங்கிக்கொண்டுதான் அழுதேன். நீ கேட்கிற உண்மையான படம் ஒன்று இருந்தது, தம்பி.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒரு பின்னேரம். நான் வழமை போல வேட்டியும் கிளிப்புமாகப் போனேன். அவர் கட்டிலில் இல்லை. எப்படிப் போனாரோ, பின்வாசல் படியில் போய் இருந்தார். சேட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். "உந்த விளையாட்டெல்லாம் போதும். இருக்கிற மாதிரி என்னை ஒருக்கா எடுமன். தலையிலையிருந்து கால்மட்டும் வரவேணும்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எடும்" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு பேசியது குறைவு.

எடுத்தேன். அந்தப் படம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், என்னால் உனக்குத் தரக்கூடியது இவ்வளவுதான். வெயில் சரிந்து மேற்கிலிருந்து வந்தது. முகத்தின் ஒரு பக்கம் நல்ல வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு. கன்னம் உள்ளே போயிருந்தது, கண்ணைச் சுற்றியிருந்த எலும்பு வட்டமாகத் தெரிந்தது. நெஞ்சில் ஒவ்வொரு விலா எலும்புக்கும் கீழே ஒரு நிழல். வயிறு மட்டும் நீர் கட்டி உப்பியிருந்தது, கால் இரண்டும் வீங்கி மினுங்கின. கை இரண்டையும் முழங்காலில் ஊன்றியிருந்தார், பஸ் எடுக்க முன்னம் ஸ்ரியறிங்கில் கையை வைத்துக்கொண்டு ஆட்கள் ஏறும்வரை இருப்பாரே, அந்த மாதிரி. சிரிக்கவில்லை, அழுவது போலவும் இல்லை. நேரே பார்த்தார். என்னை அல்ல, உன்னை. எந்தக் கோட்டில் வைப்பது, எதை வெளியே விடுவது என்று ஒன்றையும் நான் யோசிக்கவில்லை. நான் எடுத்ததிலேயே படம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "ஓம், உதுதான் நான். உதைப் பாத்தால் பெடியன் வந்திடுவான். அனுப்பும்" என்றார். "அனுப்பிறன்" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். அங்கே நின்று அந்தப் படத்தை அழித்தேன். அழித்த படங்கள் கொஞ்ச நாள் போனில் வேறொரு இடத்தில் கிடக்கும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். என் மனம் மாறி, கை அதைத் தேடிப் போய்விடுமோ என்று பயந்து, அங்கேயும் தேடிப் போய் அழித்தேன். பிழை என்று தெரிந்துகொண்டே செய்தேன். ஆகையால்தான் உன் திவசப் படத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்லட்டுமா? சொல்லத் தகுதி இல்லாதவள் சொல்கிறேன். உன் மகளும் வளர்ந்து உன்னைவிட்டுத் தூரப் போவாள். உனக்கு ஏலாமல் வருகிற நாளில் அவளுக்குச் சொல். அவள் வரலாம், வர முடியாமல் அழலாம், வராமலே விடலாம். அது அவள் முடிவு. அவளுக்கு நோகும் என்று அந்த முடிவை நீ உன் கையில் எடுக்காதே. நான் எடுத்தேன். இதை வாசிக்கும் என்னைப் போன்ற அம்மாமாருக்கும் அதுதான் சொல்கிறேன். பிள்ளைக்கு இரக்கப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிடாதேயுங்கள்.

ஏனென்றால் கதை அதோடு முடியவில்லை. அடுத்த நாள் காலையில் கண் விழித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பாத்திட்டானோ?" நான், "பாத்திட்டான்" என்றேன். "என்னவாம்?" "வாறதுக்கு லீவு கேட்டிருக்கிறானாம். போனிலை படத்தைப் பற்றிக் கதையாதேங்கோ, அவன் அழுவான்" என்றேன். பொய் எப்படி அவ்வளவு சுருக்காக வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அன்று தாடியை வழிக்கச் சொன்னார். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார், வாசல் கேற் தெரிகிற மாதிரி. ஒழுங்கையில் ஏதாவது ஓட்டோ நின்றால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். நான் போனை அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். படத்தைப் பற்றி அவர் கதைக்கவில்லை, நான் சொன்னதைக் கேட்டு நடந்தார். "எப்ப தம்பி வாறாய்?" என்று மட்டும் கேட்டார். நீ சந்தோஷமாக, "சித்திரையிலை வாறம் அப்பா, பிள்ளையையும் கொண்டு" என்றாய். பக்கத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? கவரேஜ் போய்விட்டது என்று நினைத்து நீ "அப்பா, கேக்குதோ?" என்றாய். "கேக்குது. நல்லது தம்பி. ஆறுதலா வா" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டும் நீ சித்திரை என்று சொன்னாய் என்றுதான் அப்பா நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டுதான் போனார். அவருக்கு உன்மேல் கோபம் இருக்கவில்லை, அதை மட்டும் நான் எந்தக் கோயிலில் வைத்தும் சத்தியம் செய்வேன். நான் போனை வைத்ததும் என் கையைத் தட்டி, "நீர் அவனை ஏசாதையும். கைப்பிள்ளைக்காரன், அவனுக்கு என்ன கரைச்சலோ. நான்தான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு கட்டிலைப் பழையபடி திருப்பிப் போடச் சொன்னார். நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டிய வாயை வைத்துக்கொண்டு, தம்பி, நான் அவருக்குக் கஞ்சி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தேன்.